ஏற்றம் இருக்கட்டும் டீச்சர், இறக்கத்துக்கு என்ன வழி?

கேள்வி: டிக்கோயாவில் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். அப்பா பெரிய கிளாக்கராக இருந்தவர். 1975-இல் தோட்டங்களை அரசு எடுத்தபோது ஊருக்குக் கிளம்பிய துரையிடமிருந்து ஒரு மொரிஸ் மைனர் வாங்கினார். 1964-ஆம் வருடத்து வண்டி, ஸ்ரீ நம்பர். அப்பா போய் மூன்று வருடமாகிறது. அன்றிலிருந்து தகரக் கொட்டகைக்குள் படங்கு மூடியபடி கிடக்கிறது. கடைசிக் காலத்தில் புகை தள்ளியது, ஏற்றத்தில் தண்ணீர் கொதித்தது. அண்ணன் விற்றுவிடலாம் என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. கொழும்பில் ஒருவர் 48 வோல்ட், 5 கிலோவாட் மோட்டாரும் ஈய பெட்டரிகளும் போட்டு மின்சாரக் காராக மாற்றித் தருவதாகச் சொல்கிறார். பாடசாலைக்குப் போய்வர தினமும் 18 கிலோமீட்டர், மாதத்தில் ஒரு தடவை கண்டியில் அக்கா வீடு. மலையில் இழுக்குமா ஐயா? செய்யலாமா, வேண்டாமா?

பதில்:

டீச்சர், உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். இழுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்குமா என்று கேட்கவில்லை. இந்த வேலைக்காக என் கராஜுக்கு வருகிற எல்லாரும் அப்படித்தான். ஏற்றத்தைப் பற்றியே பேசுவார்கள். மலைநாட்டில் ஏறுகிற ஒவ்வொரு அடியையும் பிறகு இறங்கித்தானே ஆக வேண்டும்?

முதலில் உங்கள் கேள்விக்கே வருகிறேன். அந்த 5 கிலோவாட் மோட்டார் வேண்டாம். அது முச்சக்கர வண்டிக்கு ஏற்ற சாமான். கணக்கைப் பாருங்கள். மைனரின் எடை ஏறக்குறைய 750 கிலோ. மாற்றி முடித்து, இரண்டு பேர் ஏறி, ஒரு மரக்கறிப் பையையும் வைத்தால் 1000 கிலோவைத் தொடும். நூறு அடி போனால் எட்டு அடி உயருகிற சாதாரண ஏற்றத்தில் இந்த எடையை 30 கிலோமீட்டர் வேகத்தில் கொண்டுபோக, சக்கரத்தில் மட்டும் ஏறத்தாழ 8 கிலோவாட் வேண்டும். 5 கிலோவாட் மோட்டாரை வைத்துக்கொண்டு ஏறினால் வேகம் 16-ஐத் தாண்டாது. கொழுந்து லொறி பின்னால் நின்று ஹோர்ன் அடித்துக்கொண்டே வரும். தோட்டத்துக்குள் இருக்கிற பாதை இதைவிட இரண்டு மடங்கு செங்குத்து. அங்கே மோட்டார் சூடாகி நின்றுவிடும்.

உங்களுடையது 1964 வண்டி என்றால் 1098 சிசி எஞ்சின், 48 குதிரைவலு. கிலோவாட்டில் 36. அதே அளவுக்கு மோட்டார் போட வேண்டும் என்றில்லை, ஆனால் 25, 30 கிலோவாட்டையாவது உச்சமாகக் கொடுக்கிற ஏசி மோட்டார் வேண்டும். விற்கிறவர் உச்ச வலுவைத்தான் பெரிதாகச் சொல்வார். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: அரை மணி நேரம் விடாமல் ஏறினால் எவ்வளவு கொடுக்கும்? கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் வரை ஏறுகிற வண்டிக்கு அந்த எண்தான் முக்கியம். ஈய பெட்டரியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பாரம் அதிகம், ஆயுள் குறைவு. வேண்டாம்.

ஏற்றத்தின் கதை இவ்வளவுதான். சரியான மோட்டார் போட்டால் மைனர் முன்பைவிட நன்றாகவே ஏறும். கொதிக்கத் தண்ணீரே இருக்காது.

இனி இறக்கம். அப்பா இருந்திருந்தால் உங்களுக்குச் சொல்லியிருப்பார்: எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. மலைநாட்டில் வண்டி ஓட்டுகிற எவரும் முதலில் படிக்கிற பாடம் அது. இரண்டாவது கியரில் போட்டு ஆக்சிலேட்டரை விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறையும். எஞ்சினைக் கழற்றி வெளியே வைத்த மறுநாள் அந்தப் பிடி இருக்காது. மோட்டார் சும்மா சுழலும். பழைய வகை டிசி சீரிஸ் மோட்டார் போட்டால் இறக்கம் முழுவதையும் பிரேக்தான் சுமக்க வேண்டும். ஏசி மோட்டார் என்றால் இறங்கும்போது அதுவே ஜெனரேட்டராக மாறி, வண்டியைப் பிடித்துக்கொண்டே பெட்டரிக்குக் கரண்ட் அனுப்பும். தொழிலில் இதை ரீஜென் என்போம். மலையில் ஓடுகிற காருக்கு இது ஆடம்பரம் இல்லை. பிரேக்கில் பாதி இதுதான்.

ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. நான் அகப்பட்ட பொறி.

நான் முதன்முதலில் மாற்றியது சிநேகிதர் ஒருவரின் வொக்ஸ்வேகன் பீட்டில். நல்ல ஏசி மோட்டார், நல்ல ரீஜென். நுவரெலியாவில் இரவு அவர் வீட்டில் நிறுத்தி, விடியும்வரை சார்ஜ் போட்டோம். நூறுக்கு நூறு நிரம்பியிருந்தது. காலையில் பெருமையோடு கண்டிப் பக்கம் இறங்கினோம். லபுக்கலை தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் காலை எடுக்கிறேன், வண்டி பிடிக்கவில்லை. நியூட்ரலில் போட்ட மாதிரி ஓடுகிறது. பெட்டரி நிரம்பியிருந்தால் அதற்குள் மேலும் கரண்டைத் தள்ள முடியாதே! பெட்டரியைக் காக்கிற கட்டுப்பாட்டுப் பெட்டி ரீஜெனை மூடிவிட்டது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. யோசிக்காமல் விட்டது நான். பிறகென்ன, பிரேக்தான், பிரேக்தான். ரம்பொடைக்கு மேலே பூக்கட்டோடு குறுக்குவழியால் ஓடிவந்து ஒவ்வொரு வளைவிலும் நிற்கிற பையன்கள் இருக்கிறார்களே, அவர்களில் ஒருவன் மூன்றாவது வளைவில் பூவை நீட்டவில்லை. "அங்கிள், டயர்ல புகை" என்றான். அதற்குள் பெடல் பஞ்சு மாதிரி ஆகியிருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து மதில் ஓரமாக ஒருவாறு நிறுத்தி, இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். டிரம்மிலிருந்து தீய்ந்த லைனிங் மணம். சிநேகிதர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டு ஓடிவந்தார், கையைப் பிடித்துத் தடுத்தேன். கொதிக்கிற வார்ப்பிரும்பில் பச்சைத்தண்ணீர் பட்டால் டிரம் வெடிப்பு விடும். முக்கால் மணி நேரம் பூக்காரப் பையனோடு கதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு அவனுடைய பூ முழுவதையும் சிநேகிதர் வாங்கிக்கொண்டார்.

அந்த வெப்பம் எவ்வளவு என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், கண்டி ஏறக்குறைய 500. ஆயிரம் கிலோ வண்டி அந்த உயரத்தை இறங்கும்போது வெளிவருகிற சக்தி 3.7 யூனிட். ஒரு கிலோவாட் இஸ்திரிப் பெட்டி மூன்றே முக்கால் மணி நேரம் எரிகிற அளவு. அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் உறிஞ்சும், மிச்சம் நான்கு சின்ன டிரம்முக்குள் போகும். உங்கள் மைனரில் முன்னுக்கு எட்டு அங்குலம், பின்னுக்கு ஏழு அங்குலம். நான்கும் டிரம். பிரேக் ஓயில் ஓடுவதும் ஒரே லைன்தான், ஒரு இடத்தில் கசிந்தால் நான்கு சக்கரமும் போச்சு. பெடலை மிதித்தால் ஓயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் இருப்பது டிரைவரின் காலடித் தகட்டுக்குக் கீழே. ஈரமும் சேறும் முதலில் போய்ச் சேருகிற இடமும் அதுதான்.

ஆகவே டீச்சர், மோட்டாருக்குக் காசு தேடுவதற்கு முன் பிரேக்குக்கு ஒதுக்குங்கள். முன்னுக்கு டிஸ்க், இரட்டை லைன் மாஸ்டர் சிலிண்டர், புதிய குழாய்கள். மைனருக்கு டிஸ்க் பிரேக் பொருத்துவது புதிய வித்தையல்ல, இங்கிலாந்தில் பல வருடங்களாகச் செய்கிறார்கள், முழு செட்டாகவே கிடைக்கிறது. உங்கள் வீட்டில் சார்ஜ் போடும்போது எண்பதில் நிறுத்துங்கள். கண்டிக்குக் கிளம்பும் நாளிலும் அப்படியே. போகிற வழி முதலில் இறக்கம், மிச்ச இருபதில் ஒரு பங்கை மலையே நிரப்பித் தரும். நூறு வரைக்கும் நிரப்ப வேண்டியது அக்கா வீட்டில், திரும்பி ஏறுவதற்கு முன்.

ரீஜெனைக் கூட்டிவைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். உங்கள் வண்டியில் மோட்டார் இழுப்பதும் பிடிப்பதும் பின்சக்கரத்தை மட்டும்தான். வட்டவளைப் பக்கம் மழைச் சேறு படிந்த வளைவில் காலைச் சட்டென்று எடுத்தால், ரீஜென் பலமாக இருக்கிற வண்டி பின்பக்கமாக வழுக்கும். நடுத்தரமாக வையுங்கள். ரீஜென் பிடிக்கும்போது பிரேக் லைட்டும் எரிகிற மாதிரி வயர் பண்ணச் சொல்லுங்கள். பின்னால் வருகிற பஸ் டிரைவருக்கு உங்கள் காரில் எஞ்சின் இல்லை என்பது தெரியாது.

பெட்டரிக்கு வருவோம். டிக்கோயாவிலிருந்து கண்டி 70 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மலைப்பாதையின் மெதுவான ஓட்டத்துக்குக் கிலோமீட்டருக்கு 120 வாட் மணி. அது 8.4 யூனிட். திரும்பி வரும்போது 770 மீற்றர் ஏற வேண்டும், அதற்கு இன்னும் இரண்டரை. மொத்தம் 11 யூனிட்டுக்குக் கிட்ட. மழை, லைட், வைப்பர், பேராதனை வாகன நெரிசல் என்று எல்லாவற்றுக்கும் இடம் விட்டால், பாவிக்கக்கூடிய 16 யூனிட் வேண்டும்.

இதற்கு நம் நாட்டில் கைக்கெட்டிய வழி, பழைய நிசான் லீஃப். 2015-ஐ ஒட்டி அவ்வளவு லீஃப் வந்து இறங்கியதே, அவற்றில் பல இப்போது உடைத்து விற்கப்படுகின்றன. முதல் தலைமுறை லீஃபின் பெட்டரி புதிதாக இருந்தபோது 24 யூனிட். உள்ளே 48 மொடியூல்கள், ஒவ்வொன்றும் 3.8 கிலோ. கொழும்பு வெயிலில் ஓடிய பெட்டரி நிறையத் தேய்ந்திருக்கும், ஏனென்றால் அந்த லீஃபில் பெட்டரியைக் குளிர்விக்க ஏற்பாடு எதுவும் இல்லை. முக்கால் பங்கு உயிர் மிச்சமிருக்கிற ஒன்று கிடைத்தால் 18 யூனிட், உங்களுக்குத் தாராளம். லீஃப் ஸ்பை என்று ஒரு ஆப் இருக்கிறது. போனையும் ஒரு சின்ன புளூடூத் கருவியையும் வைத்து பெட்டரியின் ஆரோக்கியத்தை வாசிக்கலாம். வண்டியில் இருக்கும்போதே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிக் குவித்து வைத்த மொடியூலை விற்கிறவரின் வாக்கை நம்பி வாங்காதீர்கள். டிக்கோயாவின் குளிரில் அதே பெட்டரி நிதானமாகத்தான் கிழடாகும். மலைநாடு நமக்குத் தருகிற சலுகை இது ஒன்று.

நாற்பத்தெட்டு மொடியூலையும் ஒரே இடத்தில் அடுக்க வேண்டாம். எஞ்சின் இருந்த இடத்தில் பாதி, பெற்றோல் தாங்கி இருந்த இடமும் டிக்கியுமாகப் பாதி. அப்போதுதான் முன்சக்கரமும் பின்சக்கரமும் பழைய பாரத்தையே சுமக்கும். எல்லாம் சேர்ந்தால் 360 வோல்ட், அதுவும் டிசி. பிடித்தால் விடாது. வீட்டு வயரிங் பார்க்கிற தம்பி எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் இதில் கைவைக்க விடாதீர்கள். லீஃப் அல்லது ஹைபிரிட் வேலை முறையாகப் படித்த ஆள்தான் வேண்டும்.

கியர்பொக்ஸ் இருக்கட்டும். ஏற்றத்துக்கு இரண்டாவது கியரும், கிளட்சும், ஸ்பீடோமீற்றர் கேபிளும் அப்படியே கிடைக்கும். ஆனால் லீஃப் மோட்டாரையே போட்டால் அதன் முறுக்குவிசை வருடத்தைப் பொறுத்து 254 அல்லது 280 நியூட்டன் மீற்றர், உங்கள் பழைய எஞ்சினுடையது 81. முழுவதையும் திறந்துவிட்டால் பின்அச்சின் ஹாஃப் ஷாஃப்ட் முறியும். மைனரில் அது எஞ்சின் காலத்திலேயே முறிகிற சாமான். மென்பொருளில் 100-க்குக் கட்டிவைக்கச் சொல்லுங்கள், போதும்.

இன்னும் இரண்டு விஷயம். கொழும்புக்காரர்களுக்குத் தோன்றாது. அந்தக் காலத்து மைனரில் லைட்டுக்கான 12 வோல்ட் பெட்டரியின் பொசிட்டிவ் முனைதான் பொடியில் பூட்டியிருக்கும். பன்னிரண்டு வோல்ட் கொடுக்கிற கன்வேர்ட்டரைப் பூட்டுவதற்கு முன் அதை நெகட்டிவ்வுக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூட்டிய நிமிஷமே கன்வேர்ட்டர் கருகும். மற்றது ஹீற்றர். எஞ்சின் தண்ணீரின் சூட்டில்தான் அது ஓடியது. எஞ்சின் போனால் சூடும் போகும். காலை ஆறரைக்கு டிக்கோயா மூடுபனியில் முன்கண்ணாடி உள்ளுக்குள் வெள்ளை பூத்துவிடும், ஒரு கையில் துணியோடு ஓட்ட வேண்டி வரும். சின்ன செரமிக் ஹீற்றர் ஒன்றைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சார்ஜ் போட வீட்டுக் கரண்ட் போதும். 10 அம்பியரில் போட்டால் மணிக்கு இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே ஏறும், தினசரி 18 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் தாராளம். மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரை மின்சாரத்துக்கு நெருக்கடி நேரம், பத்தரைக்குப் பிறகு போடுங்கள். அதற்கென்று தனி வயர், தனி ட்ரிப் சுவிட்ச், நல்ல எர்த். இடிமழை நாளில் கழற்றிவிடுங்கள். ஒரு வேடிக்கை: மைனர் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 1948, லக்சபானவில் முதல் மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1950. உங்கள் வீட்டுக்குக் கீழே காசல்ரீயில் தேங்குகிற தண்ணீர்தான் அங்கே இறங்கி மின்சாரமாகிறது. இவ்வளவு காலம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை, இப்போதுதான் சந்திக்கப் போகின்றன.

கடதாசி வேலையை வண்டியில் ஸ்பானர் வைப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். வண்டியின் பதிவுப் புத்தகம் இன்னும் அப்பாவின் பெயரில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். முதலில் அதை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்கு அண்ணனின், அக்காவின் சம்மதமும் கையெழுத்தும் தேவைப்படும். அந்தக் கதையை வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நம்பரும் எரிபொருள் வகையும் பதிவில் இருக்கிற விஷயங்கள், விருப்பப்படி மாற்ற முடியாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். காப்புறுதிக் கம்பனியிடமும் அப்படித்தான். 'அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்' என்று மாற்றித் தருகிறவர் சொன்னால், அந்த இடத்தை விட்டு எழுந்து வாருங்கள்.

சரி, செய்யலாமா வேண்டாமா?

என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். காசு மிச்சம் பிடிக்கத்தான் என்றால் செய்யாதீர்கள். புகை தள்ளுகிற அந்த எஞ்சினைப் பிரித்து, பிஸ்டன் ரிங்கும் வால்வும் பார்த்து, ரேடியேட்டரைக் கழுவிப் பூட்டினால் இன்னும் பல வருடம் ஓடும், செலவும் இதில் ஒரு சிறு பங்குதான். அந்த எஞ்சின் தெரிந்த மெக்கானிக் பாஸ்மார் மலைநாட்டில் இன்னும் இருக்கிறார்கள். 2022-இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போய், வரிசையில் இரவு படுத்துக்கிடந்த நாட்களை நினைத்துக்கொண்டுதான் பலர் என்னிடம் வருகிறார்கள். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தில் போடுகிற கணக்கு பெரும்பாலும் பிழையாகும். தினமும் ஓட்ட வேண்டும், அப்பாவின் வண்டியிலேயே போக வேண்டும், பிரேக்குக்கும் சேர்த்துக் காசு இருக்கிறது என்றால் தாராளமாகச் செய்யுங்கள். பிரேக்கைப் பிறகு பார்க்கலாம் என்கிற அளவுக்குத்தான் காசு இருந்தால் இப்போது தொடங்க வேண்டாம்.

எது செய்தாலும் அப்பாவின் எஞ்சினை விற்காதீர்கள். ஓயில் பூசி, பலகை அடித்து, கொட்டகையில் ஒரு மூலையில் வையுங்கள். பொடியில் புதிதாக ஓட்டை போடாமல், பழைய ஓட்டைகளிலேயே போல்ட் போட்டுப் பூட்டச் சொல்லுங்கள். பழங்கார்களின் உலக சங்கமான ஃபிவா, மின்சாரத்துக்கு மாற்றிய வண்டியைப் பாரம்பரிய வாகனமாக ஏற்பதில்லை. மாற்றுவதானால் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடிய மாதிரி மாற்றுங்கள் என்கிறது. எனக்கு அந்தப் பட்டத்தில் பெரிய அக்கறை இல்லை. ஆனால் நாளைக்கு உங்கள் பிள்ளையோ அண்ணனின் பிள்ளையோ பழைய எஞ்சின் சத்தத்தைக் கேட்க ஆசைப்பட்டால் வழி இருக்க வேண்டும் அல்லவா?

இப்போதைக்குக் கொழும்புக்காரரிடம் முற்பணம் எதுவும் கொடுக்காதீர்கள். மழை விட்ட ஒரு சனிக்கிழமை படங்கை எடுத்துவிட்டு, ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு வண்டிக்குப் பக்கத்தில் உட்காருங்கள். மைனருக்குத் தனிச் சாசி, அதாவது அடிச்சட்டகம், கிடையாது, பொடிதான் எலும்பு. கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற தகடு, முன் இருக்கைக்கு அடியில் குறுக்காகப் போகிற தகடு, பின்னுக்கு வில் தகடுகளைப் பிடித்திருக்கிற இடம். மூன்றையும் குத்திப் பாருங்கள். முன்சக்கரத்துக்குப் பின்னால் கீழே ட்ரனியன் என்று ஒரு மூட்டு இருக்கிறது, அதற்குக் கிரீஸ் வைத்து எத்தனை காலமோ. தேய்ந்திருந்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரம் மடிந்து விழும். அதை மட்டும் ஒரு பாஸைக் கூப்பிட்டு, ஜாக் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்க்ரூ டிரைவர் 'டங்' என்று திரும்பி வந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், மோட்டார் பற்றிப் பேசுவோம். புளித்த ரொட்டிக்குள் போகிற மாதிரி உள்ளே போனால், முதலில் டிங்கரிங் வேலைக்கு ஆள் பாருங்கள்.